பச்சை விளக்குப் பஞ்சாயத்து

வாடா பேராண்டி, உக்காரு. கிட்டார் வாங்கிட்டியாம், அதோட தலையில கவ்வி உக்கார்ற டியூனரும் வாங்கிட்டியாம். உங்கப்பன் சொன்னான். கிட்டார் விலையைச் சொல்றப்ப அவன் மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கணும். டியூனர் விலையைச் சொல்றப்பதான் கொஞ்சம் உசுரு வந்துச்சு.

நல்ல காரியம் செஞ்ச. அது பச்சை காட்டினா சுருதி சேந்தாச்சு. சுருதி சேந்தா பாட்டு வந்தாச்சு. பாட்டு வந்தா பாதி ஊரு உன் பின்னாடி. நடுவுல காது எதுக்கு? அது இயர்போன் மாட்டுறதுக்கு ஆண்டவன் குடுத்த கொக்கி.

நான் பழைய காலத்து ஆளு. விடிய விடிய நடக்குற நாடகத்துக்கு மேடை ஓரத்துல உக்காந்து ஆர்மோனியப் பெட்டி வாசிச்சவன். எனக்குத் தெரிஞ்ச ஒரே டியூனர், பாடிக்கிட்டு இருக்குற ராஜபார்ட் சட்டுன்னு திரும்பி முறைக்கிற முறைப்புதான். பேட்டரி போடாமலே வேலை செய்யும். இருந்தாலும் நீ கேக்காட்டியும் நாலு வார்த்தை சொல்றேன். கிழவன் வேற எதுக்குத் திண்ணையில இருக்கான்?

முதல்ல அந்தக் கிளிப்புக்கு ஒரு கும்பிடு போடு. லேசுப்பட்ட வம்சம் இல்ல. 1711-ல இங்கிலாந்துல ஜான் ஷோர்னு ஒரு டிரம்பெட் வித்துவான், லூட்டும் வாசிப்பாரு. ரெண்டு காலு வச்ச எஃகுக் கவையைத் தட்டிச் சுருதி பாக்குற வித்தையைக் கொண்டுவந்தாரு. அதுதான் டியூனிங் ஃபோர்க். அப்புறம் 1936 வாக்குல அமெரிக்காவுல கான்னு ஒரு வாத்தியக் கம்பெனி ஸ்ட்ரோபோகான்னு ஒரு பெட்டியை இறக்கினான். பன்னெண்டு சுரத்துக்கும் பன்னெண்டு வட்டு உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். நீ வாசிக்கிறது சுருதியில நின்னா, வட்டுல உள்ள கோடு நகராம நின்ன மாதிரி தெரியும். 1975-ல ஜப்பான்ல கார்க் கம்பெனி, டபிள்யூடி-10னு முள்ளு ஆடுற, கையில தூக்கிட்டுப் போற டியூனரை விட்டான். அந்தப் பரம்பரையில வந்த கடைக்குட்டிதான் இப்ப உன் கிட்டார் தலையில ஏறி உக்காந்திருக்கிறது.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. அந்தக் கடைக்குட்டிக்குப் பாட்டுன்னா என்னன்னு தெரியாது. உள்ள ஒரு பீசோ சில்லு இருக்கு. மரம் அதிர்றதை மின்சாரமா மாத்தும். விநாடிக்கு எத்தனை அதிர்வுன்னு எண்ணும். எண்ணி முடிச்சு, பக்கத்துல எந்தச் சுரம் இருக்கோ அது பேரைச் சொல்லும். கூடவா குறைவான்னு முள்ளை ஆட்டும். அம்புட்டுதான் அது படிச்ச படிப்பு. மரத்தைத் தொட்டுக்கிட்டே கேக்குறதால பக்கத்துல தவில் முழங்கினாலும் கலங்காது. அதுக்காகவே அதை மெச்சலாம். போன்ல ஒரு ஆப்பு இறக்கி வச்சிருக்கியே, அது மைக் வழியா கேக்குற ஜென்மம். உங்கம்மா அடுப்புல குக்கர் வச்சா அந்த விசிலுக்கும் சுருதி பாத்துச் சொல்லும். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றவன் புத்திசாலின்னு நினைச்சுப்புடாதே.

இனி தந்திக்கு வருவோம். மேல இருக்கிற தடியன் ஆறாவது தந்தி. அவன் ஈ, 82.41 ஹெர்ட்ஸ். அஞ்சாவது ஏ, 110. நாலாவது டி, 146.83. மூணாவது ஜி, 196. ரெண்டாவது பி, 246.94. கடைசியில இருக்கிற ஒல்லிக்குச்சி முதல் தந்தி. அவனும் ஈதான், ஆனா ரெண்டு ஸ்தாயி மேல, 329.63. இதை மனப்பாடம் பண்ணச் சொல்லல. எது எதுக்கு மேல, எது எதுக்குக் கீழன்னு மட்டும் மண்டையில ஏத்திக்க. ஏன்னா உன் கிளிப்பு ‘ஈ’ன்னு எழுத்துக் காட்டுமே தவிர, எந்த ஸ்தாயி ஈன்னு பெரும்பாலும் சொல்லாது.

அதனாலதான் புதுப் பயலுக தந்தியை அத்துக்கிட்டு கடைக்காரனைத் திட்டுறாங்க. புதுசா மாட்டின மூணாவது தந்தி தொளதொளன்னு கிடக்கும். ஏத்திக்கிட்டே வருவான். எஃப் வரும், எஃப் ஷார்ப் வரும், ஜி வரும். அந்த நேரம் பாத்து வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் வரும். ஜி-யைத் தாண்டிருவான். முள்ளு ஏ-யைக் காட்டும். சரி, சுத்தினா மறுபடி ஜி வந்துருமேன்னு ஏத்திக்கிட்டே போவான். வரும்தான், ஆனா அதுக்குள்ள தந்தி போயிரும்.

இதைவிடப் பெரிய வித்துவான் ஒருத்தன் இருக்கான். நாலாவது தந்தியைத் தட்டிக்கிட்டே மூணாவது தந்தியை முறுக்குற கீயைத் திருகுவான். முள்ளு அசையாது. ‘டியூனர் ரிப்பேர்’ம்பான். இன்னும் திருகுவான். முள்ளு அப்பவும் அசையாது. அப்புறம் ‘டப்’புன்னு ஒரு சத்தம். முகத்துக்கு நேரா குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தா அன்னைக்கு அவனுக்கு மொய்யும் விழும். அதனால, கீயைத் தொடுறதுக்கு முன்னாடி தந்தியைக் கழுத்து முடியிற இடத்துல இருந்து கீ வரைக்கும் விரலால தடவிப் பாரு. எந்தத் தந்தி எந்தக் கீயில சுத்தியிருக்குன்னு கைக்குத் தெரியட்டும். இது அவமானம் இல்ல. கண்ணு போறதுதான் நட்டம்.

அடுத்து, தட்டுறது எப்படின்னு கேளு. நீ தட்டுறதைப் பாத்தேன். ஜென்மப் பகையாளியை அறையிற மாதிரி அறையிற. ஓங்கி அடிச்சா தந்தி அகலமா ஆடும், இழுவை கூடும், சுருதி கொஞ்சம் மேல ஏறி அப்புறம் மெல்ல இறங்கி உக்காரும். நீயோ அடிச்ச அடுத்த நொடியே முள்ளைப் பாத்துட்டு ‘கூட இருக்கு’ன்னு இறக்குற. இறக்கி முடிக்கிறப்ப தந்தியும் தானா இறங்கியிருக்கும். இப்பக் குறைஞ்சிருச்சுன்னு ஏத்துற. நீயும் முள்ளும் இப்படியே ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கிட்டு இருந்தா பொழுது போயிரும், பாட்டு வராது. பெருவிரலால மெதுவாத் தட்டு, பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல தட்டினா இன்னும் சுத்தமாக் கேக்கும். மத்த அஞ்சையும் உள்ளங்கையால அமுக்கி வாயை மூட வை. முள்ளு நடுங்கி நிக்கிற வரைக்கும் பொறு. ஆறாவது தந்திக்கு மட்டும் சில டியூனர் திக்கும், சத்தம் அம்புட்டு அடியில இருக்கு. அப்ப பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா விரலைத் தொட்டும் தொடாம வச்சு ஹார்மோனிக்ஸ் எழுப்பிக் காட்டு. ஒரு ஸ்தாயி மேல போய் 164.81-ல கேக்கும், டியூனர் உடனே புரிஞ்சுக்கும்.

சுருதிக்கு எப்பவும் கீழ இருந்து மேல வா. கூடிப்போச்சுன்னா நேரா இறக்கி நிறுத்தாதே. நல்லாக் கீழ இறக்கிட்டு, மறுபடி ஏத்திக் கொண்டுவந்து நிறுத்து. கீக்குள்ள பல்சக்கரம் இருக்கு, அதுல கொஞ்சம் லொடலொடப்பு இருக்கும். இறக்கி நிறுத்தினா அந்த லொடலொடப்பு அப்படியே தங்கிரும். நீ ரெண்டு கார்டு அடிச்சதும் தந்தி அதை இழுத்துக்கிட்டு இறங்கிரும். ஏத்தி நிறுத்தினா பல்லு பல்லைக் கவ்வி நிக்கும்.

திருகும்போது ‘டிங்’னு ஒரு சத்தம் கேட்டு முள்ளு துள்ளுதா? கீ மேல குத்தம் இல்ல. கழுத்து முடியிற இடத்துல எலும்புலயோ பிளாஸ்டிக்லயோ ஒரு நட்டு இருக்குல்ல, அதோட காடியில தந்தி சிக்கிக்கிட்டு நிக்குது. நீ திருகின திருகல் எல்லாம் அந்தப் பக்கமே தேங்கி, பொறுக்க முடியாமப் போறப்ப மொத்தமா விட்டுருது. தந்தியைத் தூக்கிட்டு அந்தக் காடியில பென்சில் முனையைத் தேய். கரி வழுக்கும். பள்ளிக்கூடத்துல நீ பென்சிலை உருப்படியா உபயோகப்படுத்தினதா ஞாபகம் இல்ல, இதுக்காவது ஆகட்டும்.

ஆறையும் சேத்தாச்சுன்னு எந்திரிக்காதே. மறுபடி முதல்ல இருந்து பாரு. ஆறு தந்தியும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குது. ஒண்ணை ஏத்தினா கழுத்தும் பலகையும் இம்மியளவு வளையும், மத்தது இம்மியளவு தளரும். ரெண்டு சுத்து பாத்தாதான் அடங்கும். புதுத் தந்தின்னா கேக்கவே வேணாம். விரலால மெள்ள மேல இழுத்து விடு, சுருதி இறங்கும், ஏத்து, மறுபடி இழு. நீட்டம் குடுக்குறது ஓயிற வரைக்கும் இதுதான் பொழப்பு. அப்புறம், வெயில்ல பைக்குல வச்சுக் கொண்டுபோனா தந்தி சூட்டுல இளகிச் சுருதி இறங்கும். ஏசி மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா இறுகி ஏறும். வாசல்ல சுருதி சேத்துட்டு மேடையில போய் முழிக்காதே. உள்ள போய், கிட்டார் அந்தக் குளிருக்குப் பழகினதுக்கப்புறம் சேரு.

இம்புட்டும் கைவேலை. இதை எவன் வேணும்னாலும் சொல்லிக் குடுப்பான். இனிமேதான் விசயம் இருக்கு. தூங்காம கேளு.

ஆறு தந்தியும் பச்சை. ஈ மேஜர் கார்டு அடிக்கிற. என்னமோ ஒரு மூலையில உறுத்துது. நீ டியூனரைப் பாக்குற, அது பச்சை. உன் காதைச் சந்தேகப்படுற. ‘நமக்குச் சங்கீத ஞானம் இல்ல போல’ன்னு மனசு உடையுற. டேய், உன் காது பொய் சொல்லல. டியூனரும் பொய் சொல்லல. நீ ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு வேற கேள்வி கேட்டுட்டு, ஒரே பதில் வரணும்னு நிக்கிற.

கணக்கைச் சொல்றேன். ச-வுல நின்னு ப-வுக்குத் தாவு. அந்தப் ப-வை ச-ன்னு வச்சுக்கிட்டு அதோட ப-வுக்குத் தாவு. இப்படிப் பன்னெண்டு தாவு தாவினா ஏழு ஸ்தாயிக்கு மேல புறப்பட்ட ச-வுலயே வந்து இறங்கணும். இறங்காது. கொஞ்சம் தள்ளித்தான் இறங்கும். ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காப் போட்டா ஒரு பங்குக்கு சென்ட்டுன்னு பேரு. நீ தள்ளி இறங்குறது ஏறக்குறைய 23.5 சென்ட். கால்வாசி அரைச்சுரம் கணக்குல இடிக்குது. இது எவன் செஞ்ச பிழையும் இல்ல. எண்ணோட குணமே அப்படி. பைதாகரஸ் பேரை அதுக்கு வச்சு வெள்ளைக்காரன் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

அந்தத் தகராறைத் தீக்கக் கூடின பஞ்சாயத்துதான் ஈக்வல் டெம்பரமென்ட். பன்னெண்டு பங்காளியையும் ஆலமரத்தடியில உக்கார வச்சான். ‘வரப்புச் சண்டை வேணாம்பா, ஆளுக்கு ரெண்டு சென்ட் விட்டுக் குடுங்க, எல்லாருக்கும் சம பங்கு’ன்னு தீர்ப்புச் சொன்னான். பஞ்சமத்துக்குப் பெரிய நட்டம் இல்ல. 702 சென்ட்ல நிக்க வேண்டியவன் 700-ல நின்னான். ஆனா எந்தப் பஞ்சாயத்துலயும் வாய் செத்தவன் ஒருத்தன் மாட்டுவானே, அவன்தான் காந்தாரம். அந்தர காந்தாரம் 386-ல சுகமா நின்னுக்கிட்டு இருந்தான். அவனைப் பிடுங்கி 400-ல நட்டாங்க. 14 சென்ட் அந்தாண்டை. அன்னையில இருந்து அவன் முறைச்சுக்கிட்டேதான் இருக்கான். உன் ஈ மேஜர்ல உறுத்துறது அவன்தான், மூணாவது தந்தியில முதல் ஃப்ரெட்டுல உக்காந்திருக்கிற ஜி ஷார்ப்.

நம்பிக்கை இல்லையா? நல்லாச் சுருதி சேத்த தம்புரா கிட்டப் போய் உக்காந்து கேளு. ப-வும் ச-வும்தான் மீட்டுவாங்க. ஆனா கேக்கக் கேக்க, எவனும் மீட்டாத காந்தாரம் ஒண்ணு உள்ளுக்குள்ள இருந்து தானா எந்திரிச்சு வரும். அதுதான் அசல். அதைக் கேட்டுப் பழகின காதோட வந்து உன் கிட்டாரைக் கேட்டா, ‘இந்தப் பய ஏன் வேலி தாண்டி நிக்கிறான்’னு தோணத்தான் செய்யும்.

‘அப்ப மூணாவது தந்தியைக் கொஞ்சம் இறக்கிட்டாப் போச்சு’ன்னு உன் மூஞ்சியில தெரியுது. இறக்கு. ஈ மேஜர் தேனா இனிக்கும். அந்தச் சந்தோசத்தோட ஜி மேஜர் அடி. ஆறாவது தந்தியில மூணாவது ஃப்ரெட்டு ஜி ஒரு பக்கம் நிக்கும், நீ இறக்கின மூணாவது தந்தி ஜி இன்னொரு பக்கம் நிக்கும். ரெண்டும் ஒரே சுரம், ஸ்தாயிதான் வேற. வொய்ங் வொய்ங்னு அலையடிச்சுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் துப்பும். ஒரு கார்டுக்கு நியாயம் செஞ்சா இன்னொரு கார்டுக்கு அநியாயம். அதுக்குத்தான் பஞ்சாயத்து. பச்சை விளக்கு எரிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லடா. தப்பை எல்லாருக்கும் சமமாப் பங்கு போட்டாச்சுன்னு அர்த்தம்.

கிட்டார்க்காரன் இதைக் குறை சொல்லவும் முடியாது. இந்தப் பங்கீட்டைக் கேட்டு முன்வரிசையில நின்னவன்ல அவனோட முப்பாட்டனும் ஒருத்தன். ஃப்ரெட்டு ஆறு தந்திக்கும் குறுக்க ஒரே நேர்கோடாப் போகுது. ஒவ்வொரு தந்திக்கும் தனி நியாயம் வச்சா கோட்டை ஒடிச்சு ஒடிச்சுப் போடணும். கலிலியோவைத் தெரியுமில்ல, அவரோட அப்பா வின்சென்சோ கலிலி, லூட் வாசிக்கிறவரு. 1581-ல போட்ட புத்தகத்துலயே, 18-க்கு 17-ங்கிற கணக்குல ஃப்ரெட்டைக் கட்டினாப் போதும்னு எழுதி வச்சாரு. மிச்சமிருக்கிற தந்தி நீளத்துல பதினெட்டுல ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட்டு. ஏறக்குறைய சம பங்கு வந்துரும். மகன் சூரியனைப் பாத்துக் கணக்குப் போட்டான், அப்பன் நரம்பைப் பாத்துக் கணக்குப் போட்டாரு.

நான் வாசிச்ச பெட்டியும் அதே பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட்டதுதான். அதுக்கு என்ன மரியாதை கிடைச்சுதுன்னு தெரியுமா? 1940-ல ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்தை வாசல்லயே நிறுத்திப்புட்டாங்க. கமகம் பேசாது, சுரம் வெட்டு வெட்டா நிக்குது, அந்தச் சுரமும் நம்ம சுரம் இல்லன்னாங்க. 1971 வரைக்கும் அந்தக் கதவு திறக்கல. எந்தச் சுரத்துக்காக என் பெட்டியை வெளிய உக்கார வச்சாங்களோ, அதே சுரத்தை உன் கிளிப்பு காட்டினதும் நீ ‘பர்ஃபெக்ட்’னு துள்ளிக் குதிக்கிற. காலம் மாறித்தான் போச்சு. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. சிரிப்புதான் வருது.

இன்னொரு விசயம். அந்த டியூனர்ல 440-ன்னு ஒரு எண் தெரியுது பாரு, அதையும் வானத்துல இருந்து எவனும் எறக்கி விடல. நடு ஏ விநாடிக்கு எத்தனை அதிர்வுன்னு ஊருக்கு ஊரு அடிச்சுக்கிட்டாங்க. பிரான்சுக்காரன் 1859-ல 435-ன்னு சட்டமே போட்டான். 1939-ல லண்டன்ல கூடிப் பேசி 440-ன்னாங்க. 1955-ல ஐஎஸ்ஓ அதைத் தரம்னு எழுதி வச்சுச்சு. இதுவும் நாலு பேரு கூடிச் சொன்ன தீர்ப்புதான். இப்பச் சில பேரு ‘432-ல வச்சா மனசுக்கு நிம்மதி, செடிகூட நல்லா வளரும்’னு கிளம்பியிருக்காங்க. 440-க்கும் 432-க்கும் உள்ள தூரம் சுமார் 32 சென்ட், அரைச்சுரத்துல மூணுல ஒரு பங்குகூடக் கிடையாது. அதுல நிம்மதி கிடைக்குதுன்னா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நீ வாசிக்காம இருந்தாலே கிடைக்கும். அந்த எண்ணைத் தெரியாம மாத்தி வச்சிட்டு, பாட்டுக்காரனோட சேராம முழிக்கிற பயலுகதான் ஏராளம். எதுவும் சரியா வராதப்ப முதல்ல அந்த எண்ணைப் பாரு.

ஆனா அதை மாத்தவே கூடாதுன்னும் இல்ல. பழைய இளையராசா பாட்டு ஒண்ணைப் போட்டு அதோட சேந்து வாசிக்க நினைக்கிற. பாட்டு, ரெண்டு சுரத்துக்கு நடுவுல எங்கயோ தொங்குது. டேப்பு ஓடின வேகத்துக்குத் தக்கன ஏறியோ இறங்கியோ பதிவாகியிருக்கும். அந்தப் பாட்டு கிட்டப் போய் ‘நீ 440-ல இல்ல’ன்னு சண்டை போடுவியா? அது எங்க நிக்குதோ அங்க நீ போய் நில்லு. ஒரு தந்தியைப் பாட்டோட காதால சேத்துட்டு, டியூனர்ல எண்ணை அதுக்கேத்த மாதிரி நகத்தி வச்சு மத்த அஞ்சையும் சேரு.

பாடுறவங்க வந்தாலும் இதே கதைதான். நம்ம ஊருல அவங்க சுருதியைக் கட்டையிலதான் சொல்லுவாங்க. ஒரு கட்டைன்னா சி, அஞ்சுன்னா ஜி, அஞ்சரைன்னா ஜி ஷார்ப். ஒரு பாட்டுக்கார அம்மா ‘அஞ்சரை’ன்னா, ‘என் டியூனர்ல அரை இல்லையே’ன்னு நிக்காதே. முதல் ஃப்ரெட்டுல, ஆறு தந்தியையும் சேத்து அமுக்குற கேப்போவை மாட்டு, ஜி கார்டையே பிடி. ஆனா கேப்போ தந்தியை அமுக்குற அமுக்குல சுருதி கொஞ்சம் ஏறிரும். மாட்டினப்புறம் இன்னொரு தடவை சேரு. உன் விரலும் அதே வேலையைத்தான் செய்யுது. திறந்த தந்தி பச்சையா இருந்து, நீ பயத்துல ஃப்ரெட்டை நசுக்கிப் பிடிச்சா அந்தச் சுரம் மேல ஏறிரும். டியூனர் தந்தியைத்தான் பாத்துச்சு, உன் பிடியைப் பாக்கல.

பதமாப் பிடிச்சும் மேல போகப் போகக் கோணுதுன்னா, பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ஹார்மோனிக்ஸையும், அதே ஃப்ரெட்டுல அமுக்கின சுரத்தையும் டியூனர்ல காட்டு. ரெண்டும் ஒண்ணா நிக்கணும். அமுக்கினது கூட இருந்தா, எலக்ட்ரிக் கிட்டார்ல தந்தியோட மறுமுனை ஏறி நிக்கிற சேடிலைக் கொஞ்சம் பின்னாடி நகத்தித் தந்தி நீளத்தைக் கூட்டணும். அக்கூஸ்டிக்கா இருந்தா ரிப்பேர்க்காரன்கிட்டக் குடு. சமையல் கத்தியை எடுத்துக்கிட்டு நீ உக்காந்துராதே.

இம்புட்டையும் கேட்டுட்டு, ‘தாத்தா டியூனரைத் தூக்கிப் போடச் சொல்லுது’ன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியாதே. ‘நான் டியூனரே தொட மாட்டேன், எனக்குக் காது இருக்கு’ன்னு நெஞ்சை நிமுத்துற ஆளையும் பாத்திருக்கேன். ஆறாவது தந்தியில அஞ்சாவது ஃப்ரெட்டு ஹார்மோனிக்ஸையும், அஞ்சாவது தந்தியில ஏழாவது ஃப்ரெட்டு ஹார்மோனிக்ஸையும் எழுப்பி, அலை துளிகூட இல்லாம ஒட்ட வச்சிட்டுச் சிரிப்பான். பாவம், அங்கயும் பஞ்சாயத்து இருக்கு. ஆறாவது தந்தி 82.41-ல நின்னா அதுல வர்றது 329.63, ஏ தந்தியில வர்றது 330. மெல்ல ஒரு அலை இருக்கத்தான் வேணும். இவன் அதைத் துடைச்சு எடுத்து, ரெண்டு ரெண்டு சென்டா தந்திக்குத் தந்தி சேத்துக்கிட்டே போவான். கடைசியில கீபோர்டுக்காரன் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். காது நல்ல காதுதான், தீர்ப்பு தெரியாத காது.

அதனால நீ ரெண்டு பேரையும் வேலை வாங்கு. அஞ்சாவது தந்தியை மட்டும் டியூனரைப் பாத்து வை. அணைச்சிரு. ஃபேனையும் அணை, அது சத்தத்தை வெட்டி வெட்டிப் போட்டுப் பொய் அலை காட்டும். அஞ்சாவது தந்தியில அஞ்சாவது ஃப்ரெட்டை அமுக்கி நாலாவதைச் சேரு. நாலாவதுல அஞ்சை அமுக்கி மூணாவதைச் சேரு. மூணாவதுல மட்டும் நாலாவது ஃப்ரெட்டு, அதுதான் ரெண்டாவது. ரெண்டாவதுல அஞ்சு, அது முதல் தந்தி. ஆறாவதுல அஞ்சை அமுக்கினா உன் அஞ்சாவதே வரணும். ரெண்டையும் சேத்துத் தட்டினா வொய்ங் வொய்ங்னு அலையடிக்கும். சுருதி நெருங்க நெருங்க அலை சோம்பேறியாகும். நின்னுபோற இடத்துல நீயும் நில்லு.

அப்புறம் டியூனரைப் போட்டு ஒவ்வொண்ணையும் காட்டு. எந்தத் தந்தியைக் கூட்டி வச்சிருக்க, எதைக் குறைச்சு வச்சிருக்கன்னு பாரு. பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாஞ்சிருப்ப. உன் காது எந்தப் பக்கம் சாயும்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தக் கிளிப்பு. கொஞ்ச நாள்ல அது பச்சை காட்டுறதுக்கு முன்னாடியே உன் கை நின்னுரும்.

மேடையில இந்தக் காது வேலை எதுவும் வேணாம். பக்கத்துல டிரம்ஸ்காரன் சோதனை பண்ணிக்கிட்டு இருப்பான், முன்னாடி சனம் நிக்கும். அங்க கேள்வி கேக்காம கிளிப்பை நம்பு. மைக்கு முன்னாடி டொய்ங் டொய்ங்னு சுருதி சேத்து சனத்தை வதைக்காதே. எலக்ட்ரிக் வாசிச்சா, காலால மிதிச்சா சத்தத்தை அணைச்சிட்டுச் சுருதி காட்டுற டியூனர் பெடல் இருக்கு, அதை வாங்கு. காசுக்கு உங்கப்பன்கிட்டப் போ, என் பக்கம் பாக்காதே. போறதுக்கு முன்னாடி கிளிப்போட பேட்டரியைப் பாத்துக்க.

ஏன்னா கச்சேரி கோணிப்போச்சுன்னா எவனும் ‘டியூனர் சரியில்ல’ன்னு சொல்ல மாட்டான். ‘யாருடா அந்தக் கிட்டார்க்காரப் பய?’ம்பான். அடுத்தது யாரு மகன்னு கேப்பான். அதுக்கடுத்தது யாரு பேரன்னு கேப்பான். உன் மேல உள்ள பாசத்துல இம்புட்டும் பேசினேன்னு நினைச்சியா? பெட்டிக்காரன்னு எனக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு பேரு இருக்குடா.